பதினொன்றாம் வண்டியின் சூடு

அடுப்பின் மேல்தட்டில் எப்போதும் இரண்டு செங்கற்கள் இருக்கும். அன்று காலை ஒன்றுதான் இருந்தது.

அஃப்ரா ஓபர்வால்டர் காப்பிப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அந்த வெற்றிடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்காலம் முழுவதும் அந்தச் செங்கற்கள் இரவில் கம்பளித் துணிக்குள் நுழைந்து படுக்கையின் கால்மாட்டுக்குப் போகும், விடிந்ததும் தட்டுக்குத் திரும்பும். அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. மகள் மெலிட்டா ஆறரை மணிக்கே வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள். சூடான ஒரு செங்கல்லும் பனித்தடத்தில் சறுக்கும் ஒரு லூஜ் வண்டியும் ஒரே காலையில் ஒரே வாசல் வழியாக வெளியேறியிருக்கின்றன.

வேறொரு வீட்டில் இது யோசிக்க வேண்டிய விஷயமே அல்ல. ஆனால் ஹின்டர்லோ பந்தயத் தடத்தில் வண்டிகளின் சூட்டை அளப்பவள் அஃப்ராதான். லூஜ் வண்டி ஓடுவது அடியிலுள்ள இரண்டு எஃகுக் கம்பிகளின் மேல். கம்பி சூடாக இருந்தால் பனிக்கட்டி அதன் கீழே இம்மியளவு உருகி வழிவிடும். மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவர்களைப் பிரிப்பது நொடியில் நூறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை ஒரு செங்கல் கொடுத்துவிடும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1968-இல், பிரான்ஸில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், கிழக்கு ஜெர்மனியின் மூன்று பெண்கள் கம்பியைச் சூடாக்கினார்கள் என்று வெளியேற்றப்பட்டார்கள். அது உண்மை என்பார் உண்டு, சதி என்பார் உண்டு. அதற்குப் பிறகு எந்த மலையூரிலும் பந்தய நாளன்று அடுப்புப் பக்கம் வண்டியைக் கொண்டுபோக வீராங்கனைகள் துணிவதில்லை. அன்றைய பந்தயமோ ஏழு நாடுகளின் பந்தயம். முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் மெலிட்டாவுக்கு உலகப் போட்டிக்கான அணியில் இடம் உறுதி. சூடேற்றியதாகப் பிடிபட்டால் அந்தப் பருவம் முழுவதும் தடை, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் பேச்சு.

"போர்வைக்குள்ளயே கிடக்குமா இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் மகளின் படுக்கையை உதறிப் பார்த்தாள். செங்கல் அங்கே இல்லை.

*

தடத்தின் உச்சியில் புறப்பாட்டுக் குடிசை இருந்தது. உள்ளே, சுவரில், 1883-இல் சுவிட்சர்லாந்தின் தாவோஸிலிருந்து க்ளோஸ்டர்ஸ் வரை சாலையில் நடந்த முதல் பன்னாட்டுச் சறுக்குவண்டிப் பந்தயத்தைப் பற்றிய ஒரு பழைய பத்திரிகைத் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் மஞ்சளேறிக் கிடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மாணவனும் உள்ளூர்த் தபால்காரன் ஒருவனும் ஒரே நேரத்தில் வந்து முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்ட கதை அது. தடத்தின் பனிக்கட்டியைப் பராமரிக்கும் வெண்டெலினுக்கு அந்தக் கதை மனப்பாடம். அறுபதைத் தாண்டிய அந்த மனிதர், அஃப்ராவின் கணவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒவ்வொரு பந்தய நாளன்றும் அவளைச் சீண்ட அவருக்கு அந்தச் சட்டம் போதும்.

"அந்தத் தபால்காரன் வண்டிக்கு யாரும் காய்ச்சல் பாக்கல, நடுவரம்மா. உன்ன மாதிரி ஒருத்தி அன்னிக்கு இருந்திருந்தா க்ளோஸ்டர்ஸுக்கு இன்னிக்கு வரைக்கும் தபால் போய்ச் சேர்ந்திருக்காது."

வழக்கமாக அவள் பதிலுக்கு ஏதாவது சொல்வாள். அன்று வெப்பமானியைத் துடைப்பதிலேயே குனிந்திருந்தாள். வெண்டெலின் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வெயிலில் இளகத் தொடங்கியிருந்த புறப்பாட்டு மேடையைப் பூசி இறுக்கத் தன் வாளியோடு போனார்.

அளக்கும் முறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வண்டிக் கம்பியைப் போன்ற ஒரு எஃகுத் துண்டு, குடிசையின் பின்புறம் நிழலில், கூரைவிளிம்பிலிருந்து ஒரு சங்கிலியில் தொங்கும். அதற்கு அளவுக்கம்பி என்று பெயர். அன்றைய காற்றின் குளிர் எதுவோ அதுவே அதன் குளிர். வண்டியின் கம்பிகள் அதைவிட ஐந்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் வண்டி வெளியே. அளவுக்கம்பியைப் படிப்பவர் வண்டியைப் பார்க்கக் கூடாது. வண்டியை அளப்பவர் அளவுக்கம்பியை நெருங்கக் கூடாது. இரண்டும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை சாயும் என்பது ஏற்பாட்டின் தர்க்கம். பத்து வண்டிகளுக்கு ஒருமுறை அளவுக்கம்பியை மறுபடி படிக்க வேண்டும்.

அன்று அதைப் படிக்க நியமிக்கப்பட்டவர் சுவிட்சர்லாந்தின் காடென்ஸ் என்ற பள்ளி ஆசிரியர். மூக்குக்கண்ணாடியின் பனிமூட்டத்தைத் துடைத்துத் துடைத்தே பாதி நாளைக் கழிப்பவர். எண்ணைப் படித்தால் மட்டும் பிழை இருக்காது. பத்து மணிக்கு அவர் குடிசைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். மைனஸ் நான்கு.

முதல் பத்து வண்டிகளும் வந்தன, போயின. மைனஸ் மூன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று. அஃப்ரா ஒவ்வொன்றின் கீழும் குனிந்து, வெப்பமானியின் முனையை எஃகில் வைத்து, எண்ணைச் சொல்லித் தாளில் எழுதினாள். வெண்டெலின் மேடையைப் பூசி முடித்து, மிச்சக் கலவை உருகாமலிருக்க வாளியை எங்கோ நிழலில் வைத்துவிட்டு, மூன்றாம் வளைவைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனார். பதினொன்றாம் எண்ணைச் சட்டையில் கட்டிக்கொண்டு மெலிட்டா வரிசையில் நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. தாயைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. பந்தய நாளில் அவர்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல நடந்துகொள்வது பழக்கம்தான் என்றாலும், இன்றைய பார்வைத் தவிர்ப்பு அஃப்ராவுக்கு வேறு மாதிரி தெரிந்தது.

பின்புறத்திலிருந்து காடென்ஸின் குரல் வந்தது. மைனஸ் பத்து.

அஃப்ராவின் பென்சில் தாளின் மேல் நின்றது. இருபத்தைந்து நிமிடத்தில், வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆறு டிகிரி இறங்குமா? பனியாற்றின் பக்கமிருந்து காற்று திரும்பினால் இறங்கலாம். ஆனால் காற்று திரும்பியதாக அவள் கன்னம் சொல்லவில்லை. இன்னொரு முறை படியுங்கள் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

அப்போதுதான் அடுத்த வண்டி யாருடையது என்பது உறைத்தது. பத்து வண்டிகளுக்குக் கேட்காத கேள்வியைத் தன் மகளின் வண்டிக்குக் கேட்கிற நடுவர் எப்படிப்பட்ட நடுவர்? சுற்றிலும் ஏழு நாட்டுப் பயிற்சியாளர்களும் வீராங்கனைகளும் நின்றிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அருகே மெலிட்டாவின் பை திறந்து கிடந்தது. உள்ளே, வீட்டுக் கம்பளித் துணிக்கு நடுவே, செங்கல்லின் சிவந்த மூலை தெரிந்தது.

வெப்பமானி மைனஸ் மூன்று காட்டியது. இன்னொரு கம்பியிலும் மைனஸ் மூன்று. வித்தியாசம் ஏழு.

அவள் நிமிர்ந்தாள். மகளின் கண்கள் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தன.

"நம்பர் பதினொண்ணு. ஏழு டிகிரி அதிகம். வரிசைய விட்டு வெளிய வா."

"அம்மா, நான் எதுவும் பண்ணல."

"வண்டிய அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் வை. யாரும் தொடக் கூடாது."

"அம்மா."

"இங்க உனக்கு நான் அம்மா இல்ல."

இந்த வாக்கியத்தை அவள் திட்டமிடவில்லை. விதிமுறையின் குரலில்தான் சொல்ல நினைத்தாள். வெளிவந்தபோது அதில் செங்கல்லின் கனம் இருந்தது. மெலிட்டா வண்டியைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் போனாள், பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பனிமேட்டில் உட்கார்ந்தாள். அஃப்ரா தாளில் 'நீக்கம்' என்று எழுதினாள். கையெழுத்து ஒழுங்காகவே விழுந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

*

பன்னிரண்டாம் எண், கிழக்கு ஜெர்மனியின் கெர்லிண்டே. அவள் குழுவினர் வண்டியைக் காலையிலிருந்து பைன் மரத்தடியில், இரவுப் பனியில் குழிதோண்டிப் புதைத்து வைத்திருந்தார்கள். புறப்பட மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் வெளியே எடுத்தார்கள். அந்தப் பழி விழுந்த நாளிலிருந்து அவர்களுடைய எச்சரிக்கை அப்படி. கம்பியைக் குளிரவைத்தால் வேகம் குறையும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மைனஸ் எட்டு. வித்தியாசம் இரண்டு. வண்டி சரி.

நடுவரின் மகள் தவறியிருக்கிறாள், அடுத்தவள் தேறியிருக்கிறாள் என்பதைக் கூட்டம் ஒரு மெல்லிய முணுமுணுப்பாக வாங்கிக்கொண்டது. யாரோ ஒருத்தி, பையிலிருந்த செங்கல்லைக் காட்டத்தான் போலும், பக்கத்திலிருப்பவளின் தோளில் தட்டினாள். அஃப்ரா காதை மூடிக்கொள்ளவில்லை. தண்டனையின் ஒரு பகுதி அது என்று எடுத்துக்கொண்டாள்.

கெர்லிண்டே வண்டியில் உட்கார்ந்து புறப்பாட்டுப் பிடிகளைப் பற்றினாள். அந்த நொடியில் அவளுடைய பயிற்சியாளர் ஹைனர் முன்னே வந்து, வண்டியின் மூக்குக்கு நேராகத் தன் பூட்ஸ் காலை வைத்தார். ஐம்பது வயதுக்காரர். தன் நாட்டின் துரிங்கியா மலைக்காட்டில் மரம்வெட்டியாக இருந்தவர். அளந்து பேசுபவர் என்று பெயர்.

"ஃப்ராவ் ஓபர்வால்டர், காத்து மைனஸ் பத்து இல்ல."

அவர் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து நீட்டினார். மைனஸ் மூன்று. இன்னொரு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதுவும் மைனஸ் மூன்று. எங்கள் குழு இப்போதெல்லாம் மூன்று வெப்பமானி இல்லாமல் எல்லை தாண்டுவதில்லை, மூன்றாவது பனிக்குழியில் இருக்கிறது, அதில் மைனஸ் எட்டு என்று விளக்கினார். காற்று மைனஸ் மூன்றாக இருக்கும்போது காற்றில் தொங்கும் எஃகு எப்படி மைனஸ் பத்து ஆகும்?

அஃப்ரா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் இப்போதும் அதைத் தன் வாயால் ஏற்றுக்கொள்ள அவளால் முடியவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வெளிய போனது என் பொண்ணு. அளவுக்கம்பிய திரும்பப் பாருங்கன்னு நான் சொல்ல முடியாது."

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். எழுதியே தர்றேன்."

"அவ உள்ள வந்தா உங்க பொண்ணுக்குத்தான் போட்டி."

"அது எனக்குத் தெரியாதா?" ஹைனர் தாளைத் தேடிப் பைகளைத் தட்டினார். "பிரான்ஸ்ல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் வீட்ல ரேடியோல கேட்டேன். எங்க ஊர்ல பாதிப் பேர் ஒண்ணு சொல்றான், பாதிப் பேர் வேறொண்ணு சொல்றான், அஞ்சு வருஷமா. தெரியாமப் போறதுதான் கொடுமை. இங்க கம்பி தொங்குது, நாம நிக்கறோம். போய்ப் பாத்தா தெரிஞ்சுடும்."

எதிர்ப்பு என்பது அடுத்த வண்டி புறப்படுவதற்குள், உச்சியில் நிற்கும் ஒரு பயிற்சியாளர் கையால் எழுதித் தரப்பட வேண்டும். உள்ளூர் அணியின் பயிற்சியாளர் கீழே முடிவுக்கோட்டில் இருந்தார். மெலிட்டா நீக்கப்பட்ட செய்தி அவருக்கு இன்னும் போயிருக்காது. ஹைனர் ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டார். வேறொரு நாட்டின் வீராங்கனைக்காக இன்னொரு நாட்டின் பயிற்சியாளர் எழுதித் தந்த எதிர்ப்பை அஃப்ரா அதற்கு முன் பார்த்ததில்லை. அதை வாங்கித் தாளோடு செருகினாள். கெர்லிண்டே பிடிகளை விட்டுவிட்டு, குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

எதிர்ப்பு வந்துவிட்டால் எல்லோரும் பின்புறம் போகலாம். போனார்கள்.

அளவுக்கம்பி தொங்க வேண்டிய இடத்தில்தான் தொங்கியது. அதற்கு நேர் கீழே, விறகுக்கட்டையின் மேல், ஒரு தகர வாளி. எஃகுத் துண்டின் கீழ்முனை, நான்கு விரற்கடை அளவுக்கு, வாளியிலிருந்த ஈரப் பனிக்குள் புதைந்திருந்தது.

காடென்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாளியைத் தான் பார்த்ததாகவும், பனி தானே, பனியும் காற்றும் ஏறக்குறைய ஒரே குளிர்தானே என்று விட்டுவிட்டதாகவும், தாழ்வான ஊரில் வளர்ந்தவரின் நேர்மையோடு சொன்னார். ஹைனர் கையுறையைக் கழற்றி, விரலை வாளிக்குள் விட்டு, வாயில் வைத்தார். முகம் சுளித்தது.

"உப்பு."

அஃப்ரா வாளியின் மேல் குனிந்தாள். மேடையைப் பூசும் கலவை. பனியில் உப்பைக் கொட்டிக் கிளறினால் அது பனியைவிடப் பல மடங்கு குளிரும். வெயில் நாளில் அதைத் தடவித்தான் இளகிய பனிக்கட்டியை இறுக்குவார்கள். இந்தத் தடத்தில் அது தெரியாதவர்கள் கிடையாது, இந்தச் சுவிஸ் ஆசிரியரைத் தவிர. அந்த உச்சியில் நிழலான இடம் ஒன்றே ஒன்று. அளவுக்கம்பிக்கும் அதுதான் வேண்டும், வெண்டெலினின் வாளிக்கும் அதுதான் வேண்டும்.

கீழே ஆள் அனுப்பினார்கள். மூன்றாம் வளைவிலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்த வெண்டெலின், தன் வாளியைச் சுற்றி ஏழு நாடுகள் நிற்பதைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்.

"யாராவது இத எடுத்துத் தின்னுட்டீங்களா?"

"நான் தின்னேன்," என்றார் ஹைனர்.

"கொஞ்சம்தானே? பயமில்ல. எங்க ஊர்ல சூப்புலயே இதவிட அதிகம் போடுவாங்க."

முதலில் சிரித்தது கெர்லிண்டே. பிறகு காடென்ஸும், ஒரு கணம் தாமதித்து. அஃப்ரா சிரிக்கவில்லை, அவளுக்கு மூச்சுவிடவே அப்போதுதான் நேரம் கிடைத்திருந்தது.

வாளி அகற்றப்பட்டது. எஃகைத் துடைத்து மறுபடி தொங்கவிட்டு, கால் மணி நேரம் காத்திருந்தார்கள். மைனஸ் மூன்று. கயிற்றுக்கு அப்பால் யாரும் தொடாமலிருந்த பதினொன்றாம் வண்டியை இந்தமுறை தான் அளக்க மாட்டேன் என்று அஃப்ரா வெப்பமானியை ஹைனரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கம்பிகளிலும் வைத்துப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: மைனஸ் இரண்டு. வித்தியாசம் ஒன்று.

அஃப்ரா 'நீக்கம்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். தாளில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி. கோட்டுக்குக் கீழே அது படிக்கக் கிடக்கும்.

மெலிட்டா பிடிகளைப் பற்றி, முன்னும் பின்னும் இருமுறை ஆடி, பாய்ந்து மறைந்தாள். வண்டியின் ஓசை வளைவு வளைவாகக் கீழே இறங்கிப் போய்த் தேய்ந்தது. ஒலிபெருக்கி கரகரத்து நேரத்தைச் சொன்னபோது வெண்டெலின் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கடைசி வண்டியும் இறங்கிய பிறகு கெர்லிண்டே முதலாவது, போலந்துக்காரி இரண்டாவது, மெலிட்டா மூன்றாவது.

"மூணு போதும்ல?" என்றார் ஹைனர்.

"போதும்," என்றாள் அஃப்ரா. அவர் தலையசைத்துவிட்டு, வாய்க்குள் இன்னும் உப்புக் கரிக்கிறது, எங்கே பீர் கிடைக்கும் என்று வெண்டெலினிடம் விசாரித்தார். இருவரும் ஒன்றாகவே கீழே போனார்கள்.

*

முடிவுக்கோட்டருகே, வண்டிகளை மேலேற்றும் டிராக்டரின் பின்பெட்டியில், மெலிட்டா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஃப்ரா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எண்கள் மகளை விடுவித்துவிட்டன. ஆனால் செங்கல் இன்னும் பையில்தான் இருந்தது. கேட்காமல் விடலாம் என்று அஃப்ரா நினைத்தாள். கேட்காமல் விட்டால் தன் வீட்டுக்குள்ளும் ஐந்து வருடப் பேச்சு ஒன்று தொடங்கிவிடும் என்றும் நினைத்தாள்.

"செங்கல்லு எதுக்கு, மெலி?"

மெலிட்டா திரும்பிப் பார்த்தாள். எதற்காகக் கேட்கிறாள் என்பது மெதுவாகப் புரிந்து, வாய் திறந்தபடி நின்றது.

"நீ அதான் நெனச்சியா?"

"பைக்குள்ள பாத்தேன்."

"வயித்து வலிம்மா. முதல் நாள். விடியக்காத்தாலயே ஆரம்பிச்சுடுச்சு. கோச்சுக்குத் தெரிஞ்சா என்ன இறங்கவே விடமாட்டார். பஸ்ல வயித்துமேல வச்சுட்டு வந்தேன். மேல ஏறினப்பவே ஆறிப்போச்சு."

அஃப்ரா மகளின் பக்கம் திரும்பினாள். காலையில் அந்த வெளிறிய முகத்தைப் பார்த்து, ஒரு தாய்க்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது எது என்று நினைத்துக்கொண்டாள். நடுவரின் கண்ணால் பார்த்துப் பார்த்து அது தோன்றாமலே போயிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"பந்தயத்தன்னிக்கு நீ யாரோ, நான் யாரோன்னு சொன்னது நீதான்."

"சொன்னேன்."

"நீ என்ன நம்பல."

"கம்பிய நம்பினேன்."

"அது உப்புல ஊறிட்டு இருந்துச்சு," என்றாள் மெலிட்டா. சொல்லி முடிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று முனகினாள். அஃப்ராவுக்கு அப்போதுதான், காலையிலிருந்து தோள்களை இறுக்கிப் பிடித்திருந்தது எதுவோ அது விட்டது. கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முன்னால் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிராக்டர் புறப்பட்டது. அஃப்ரா பைக்குள் கைவிட்டுச் செங்கல்லை எடுத்தாள். பனியைவிடச் சில்லென்றிருந்தது. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், எஞ்சினின் சூடு வரும் இரும்புத் தகட்டின் மேல் அதை வைத்து, விழாமல் கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"பந்தயம் முடிஞ்சாச்சு," என்றாள் அஃப்ரா. "சூடாகட்டும்."

ஊருக்குள் நுழைவதற்குள் செங்கல் இதமாகியிருந்தது. கம்பளித் துணியில் சுற்றி மகளின் வயிற்றின் மேல் வைத்தாள். மெலிட்டா கண்களை மூடிக்கொண்டு, தாயின் தோளில் தலையைச் சாய்த்தாள்.